கேலரியில் ஒரு கம்பளி மூட்டை

நெய்வேலியில் குளிரா என்று மெட்ராஸ்காரர்கள் சிரிப்பார்கள். ஊட்டிக்காரர்கள் கேட்டால் இன்னும் பலமாகச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மார்கழி மாதம் விடிகாலையில் எங்கள் டவுன்ஷிப் கிரவுண்டின் சிமெண்ட் கேலரியில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அப்புறம் சிரிக்கச் சொல்லுங்கள். முந்திரிக் காட்டுப் பக்கமிருந்து பனி இறங்கினால் இந்தக் கோல்போஸ்டில் நிற்பவனுக்கு அந்தக் கோல்போஸ்ட் தெரியாது. ரெஃப்ரி நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். இரண்டும் கண்ணுக்குத் தெரிந்தால்தான் விசில். அதுவரைக்கும் ஆடுகிற பிள்ளைகள் குதித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு என்ன, உடம்பு சூடாகிவிடும். பார்க்க வந்தவன் பாடுதான் திண்டாட்டம். இரவெல்லாம் பனி குடித்த சிமெண்ட் அத்தனை குளிரையும் உட்காருகிறவனின் முதுகெலும்பு வழியாக ஏற்றிவிடும்.

அந்த கிரவுண்டில் சைக்கிளில் கேன் கட்டி டீ விற்றவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. இன்றைக்குப் பண்ருட்டி ரோட்டில் ஓட்டல் இருக்கிறது. கல்யாண மண்டபம் இருக்கிறது. எனக்குக் கணக்குப் பார்க்கிறவர் எம்.காம். படித்தவர், நான் உள்ளே போனால் எழுந்து நிற்கிறார். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். யாரும் தூக்கிவிடவில்லை, நானாக ஏறி வந்தேன். எல்லாம் வாய்தான். நின்றுபோன கல்யாணத்தை என் மண்டபத்திலேயே பேசி நடத்தி வைத்திருக்கிறேன். மனிதர்களைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவேன். ஒருவர் கிளாஸைப் பிடிக்கிற விதத்தை வைத்தே அவர் வீட்டில் சண்டையா சமாதானமா என்று சொல்லிவிடுவேன்.

அந்த மூட்டையைத்தான் முதலில் எடை போட முடியவில்லை.

ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை, கேலரியின் மூன்றாவது படியில் ஒரு கம்பளி மூட்டை இருந்தது. ஆட்டக்காரப் பெண்களுக்காக யாரோ போர்வைகளைக் கட்டிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, கிளாஸ் தட்டை அதன்மேல் வைக்கக் குனிந்தேன். மூட்டை பேசியது.

"அண்ணே, சக்கரை கம்மியா ஒண்ணு."

தட்டு கையிலிருந்து நழுவப் பார்த்தது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அந்தப் பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. மைன்ஸ் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் பெர்மனென்ட் தொழிலாளி அவர், சம்பளப் பட்டியலில் அந்தப் பெயர்தான் இருக்கும். எங்களுக்கு மூட்டை. அதில் அவருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அவர் உடுத்திய விதத்தைச் சொல்ல வேண்டும். உள்ளே பனியன். அதற்கு மேல் முழுக்கைச் சட்டை. சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில் மடித்த செய்தித்தாள், நெஞ்சுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர். அதற்கும் மேல் மழைக்காலத்தில் சுரங்கத்தில் போட்டுக்கொள்கிற மஞ்சள் ரெயின்கோட். அதைச் சுற்றி ஒரு கம்பளி. தலையில் குரங்குக் குல்லா, குல்லாவைச் சுற்றி மஃப்ளர். கையுறை கிடையாது. அதற்குப் பதில் கைகளில் காலுறை மாட்டியிருப்பார். மூச்சு இழுத்து விட்டால் உள்ளே பேப்பர் சரசரக்கும். டீயை வாங்கியதும் குடிக்க மாட்டார். காலுறை மாட்டிய கைகளால் கிளாஸைப் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொள்வார். சூடெல்லாம் நெஞ்சுக்குள் போன பிறகு, ஆறிப்போன டீயை மடக்கென்று ஒரே வாயில் குடித்துவிடுவார். டீக்காரனுக்கு இதைவிட அவமானம் கிடையாது. ஆனாலும் அவர்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை.

கேலரியில் எல்லோரையும் கலாய்க்கிற ஒரு கிரேன் ஆபரேட்டர் உண்டு. குரலே கிரேன் மாதிரி இருக்கும்.

"இன்னா மூட்டை, இன்னிக்கு எந்தப் பேப்பரு?"

"நேத்திய பேப்பருங்க. இன்னிக்கிது இன்னும் படிக்கலிங்க."

"படிச்சிட்டுத்தான் போடுவியா?"

"படிக்காம போட்டா சூடு நிக்காதுங்க."

சிரிக்காமல் சொல்வார். கிரேன்காரர் படியைத் தட்டித் தட்டிச் சிரிப்பார். மூட்டை என்னிடம் தனியாக இருக்கும்போது வேறு மாதிரிப் பேசுவார். "குளிரு ஒண்ணும் பெரிய ஆளு இல்லண்ணே. பொத்தான் போட மறந்தவனத்தான் தேடிகினு வரும்." சொல்லிக்கொண்டே கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

ஒரு விஷயம்தான் யாருக்கும் புரியவில்லை. கேலரியின் மேல் மூலையில் கிரேன்காரர் கூட்டம் எண்ணெய் டின்னில் தீ வளர்த்திருக்கும். லாரியிலிருந்து சிந்திய கரி, முந்திரிச் சுள்ளி, தென்னை மட்டை, எது கிடைத்தாலும் போடுவார்கள். கேலரியில் பாதிப் பேர் அதைச் சுற்றித்தான் இருப்பார்கள். மீதிப் பேர் என் டீ கேன் அடுப்பை ஒட்டி நிற்பார்கள். கிரவுண்டுக்குப் பின்னால் சுரங்கத்திலிருந்து இறைத்த தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஒன்று உண்டு. பூமிக்கு அடியிலிருந்து வருகிற வெதுவெதுப்பு, விடிகாலையில் ஆவி பறக்கும். சில பேர் அதில் காலை நனைத்துக்கொண்டு அங்கிருந்தே ஆட்டம் பார்ப்பார்கள். இத்தனை குளிர் பார்க்கிற மனிதர் மட்டும் தீக்குப் பக்கத்தில் வர மாட்டார். கேலரியிலேயே அதற்கு ரொம்பத் தூரத்தில் அவர்தான் உட்கார்ந்திருப்பார்.

"யோவ் மூட்டை, இங்க வாயா. ஒரு நிமிசத்துல எல்லாத்தையும் அவுத்துப் போட்டுடுவ."

"இருக்கட்டுங்க. எனக்குப் பொகை ஆவாதுங்க."

"பொகை ஆவாதா? நெய்வேலில பொறந்துட்டு பொகை ஆவாதாம்!"

"பொறக்கலிங்க. விழுப்புரம் பக்கத்துலேர்ந்து வந்தேங்க."

மறுபடி சிரிப்பு. புகை ஆகாது என்று அவர் சொன்னதையும் கேலரி அந்தச் சிரிப்போடு சேர்த்து விழுங்கிவிட்டது. அவர் சொன்ன விதமும் அப்படி. அவர் குரலுக்கும் பொத்தான் போட்டிருந்தது.

எனக்கு உண்மை தெரிய வந்தது அவர் சம்சாரத்தின் மூலமாக. கிரவுண்டில் ஆட்டம் இல்லாத நாளில் பஜாரில் ஒரு சின்ன டீக்கடை போட்டிருந்தேன். ஒரு சாயங்காலம் அங்கே வந்து, மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து, அப்புறம் கேட்டார்.

"அண்ணே, நீங்கதான் கிரவுண்டுல டீ போடறவரு? மூணாவது படியில ஒக்காருவாரே, அவரு வூட்டுக்காரி நான்."

"தெரியும்மா. சொல்லும்மா."

"அங்க வந்து எதனா அவுக்கறாராண்ணே? கம்பளிய, குல்லாவ? உண்மைய சொல்லுங்க."

நான் சிரித்துவிட்டேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்காரருக்கு மூச்சிழுப்பு உண்டு என்று சொன்னார். போன வருஷம் எங்கள் டவுன்ஷிப் டீமில் மகள் ஆடுகிறாள் என்று தூறலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைக்கிற அளவுக்குப் போய்விட்டதாம். டாக்டர் இரண்டு விஷயம் சொன்னாராம். பனி கூடாது, புகை கூடாது.

"அதனால அப்பனையும் பொண்ணையும் ஒக்கார வெச்சி சொல்லிட்டேண்ணே. இன்னொரு தபா அவரு இழுத்துகினு படுத்தாருன்னா, அன்னியோட ஆட்டம் முடிஞ்சிது. இவ பூட்ஸ அடுப்புல போட்டுடுவேன். மாரியாத்தா மேல சத்தியம் பண்ணிட்டேன்."

அப்போதுதான் எனக்கு அந்த மனிதர் விளங்கினார். அவர் குளிருக்குப் பயந்தவர் இல்லை. அவர் போட்டிருந்த ஒவ்வொரு துணியும் மகள் ஆடுவதற்கு வாங்கிய அனுமதி. அவர் நெஞ்சுக்குள் பனி புகாத வரைக்கும் அந்தப் பெண் பந்தைத் தொடலாம். அவருக்கு ஒரு இருமல் வந்தால் அவளுக்கு ஆட்டம் இல்லை. வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அடுத்த ஆட்டத்தில் நானும் அவரிடம் கேட்டேன்.

"நான் இல்லன்னா அவ ஆட மாட்டாண்ணே" என்றார். "அங்க இருக்கா பாருங்க, இப்ப திரும்பிப் பாப்பா."

திரும்பிப் பார்த்தாள். பந்தை ஒருத்திக்குத் தள்ளிவிட்டு, ஓடுகிற ஓட்டத்திலேயே கேலரியின் மூன்றாவது படியை ஒரு பார்வை. அவர் காலுறை மாட்டிய கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கினார். அவ்வளவுதான். அவள் மறுபடி ஓடினாள். ஆட்டம் முடியும்வரை இது நடக்கும். அவர் ஒரு முறைகூடக் கத்த மாட்டார். கத்தினால் இழுப்பு வரும். ஆஃப்சைடு என்றால் என்ன என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. ஒரு நாள் எங்கள் பக்கமே கோல் வாங்கியதற்குக் கையைத் தூக்கினார். கிரேன்காரர் திட்டியதற்கு, "பந்து எங்க போவுதுன்னு நான் பாக்கறதில்லிங்க. இவ எங்க ஓடறான்னுதான் பாக்கறேன். இவ நல்லாதானே ஓடுனா?" என்று கேட்டார்.

அந்தப் பார்வையின் கனம் எனக்கு ஒரு நாள் தெரிந்தது. பாதி ஆட்டத்தில் அவர் ஒன்றுக்குப் போக எழுந்து கேலரிக்குப் பின்பக்கம் போனார். சும்மா போய்விட்டு வருகிற நேரம்தான். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள், மூன்றாவது படி காலி. நின்றுவிட்டாள். பந்து அவள் காலடியிலேயே உருண்டு போயிற்று, எதிர்ப்பக்கத்துப் பெண் எடுத்துக்கொண்டு ஓடுகிறாள், இவள் கேலரியைப் பார்த்து வந்துகொண்டிருக்கிறாள். கோச் கத்துகிறார். அவர் பின்னாலிருந்து அவசரமாக வந்து கையைத் தூக்கிய பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது. அப்பாவுக்கு மூச்சு முட்டிவிட்டது, தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்தாளாம். அதற்கப்புறம் ஆட்டம் தொடங்கினால் முடிகிறவரை அவர் எழுந்ததே இல்லை. தண்ணீர் குடிப்பதையும் விட்டுவிட்டார்.

இரண்டு மூன்று மார்கழிகள் இப்படிப் போயின. அந்தப் பெண் வளர்ந்தாள். மெலிந்த கால், ஆனால் உதைத்தால் கோல்கீப்பரின் கை எரியும். எங்கள் டவுன்ஷிப் டீம் ஜெயிக்க ஜெயிக்க, மூட்டை மேல் கேலரிக்கு ஒரு பாசம் வந்துவிட்டது. மூட்டை வந்தால் ஜெயிப்போம் என்றார்கள். கிரேன்காரரே அவருக்காக மூன்றாவது படியைத் துண்டால் துடைத்து வைப்பார். கலாய்ப்பது மட்டும் குறையவில்லை.

அந்த வருஷம் விளையாட்டு விடுதிக்குப் பெண்களை எடுப்பதற்காக மெட்ராஸிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள் என்று பேச்சு வந்தது. எடுத்துவிட்டால் அங்கேயே தங்கல், சாப்பாடு, படிப்பு, தினம் ஆட்டம். ஆட்டக்காரியாகவே ஆகிவிடலாம். இந்தப் பெண்ணைத்தான் எடுப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் வேறு கவலை. முந்தின நாள் கடைக்கு வந்து, "அண்ணே, நாளைக்கு பனி எப்பிடி இருக்கும்?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? வானத்தைப் பார்த்து, "கம்மியாத்தான் சார் இருக்கும்" என்றேன்.

அன்றைக்கு விழுந்த பனியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ரெஃப்ரி விசில் ஊத நேரமாயிற்று. கேலரியில் பல் அடிக்கிற சத்தம் கேட்டது. அவர் மூன்றாவது படியில் வழக்கம்போல, வழக்கத்துக்கு மேல் இன்னொரு போர்வையோடு இருந்தார். முதல் பாதியில் அந்தப் பெண் ஒரு கோல் போட்டாள். மெட்ராஸ்காரர்கள் இரண்டு பேரும் எழுந்து கோட்டருகே வந்து நின்றார்கள்.

இடைவேளை வந்தது. நான் எதிர்ப்பக்கத்தில் அந்த ஆபீசர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். கேலரியில் நடந்ததை அப்புறம்தான் சேர்த்துத் தெரிந்துகொண்டேன். கிரேன்காரருக்கு மனசு கேட்கவில்லையாம். "நம்ம புள்ளையப் பெத்த மனுசன் நடுங்கிகினு கெடக்கறாரு, நாம மட்டும் இங்க காயறதா?" என்று சொல்லி, ஆட்களைக் கூட்டித் தீ டின்னைத் தூக்கிக் கொண்டுபோய் மூன்றாவது படிக்குக் கீழே, அவர் காலடியிலேயே வைத்தார்கள். அவருக்கென்று புதுசாகக் கரி போட்டார்கள். பனியில் நனைந்த கரி, பிடிக்கவில்லை. பண்ருட்டியில் முந்திரிப் பருப்புக் கம்பெனி வைத்திருக்கிறவர் ஒருவர் தன் வண்டியில் இருந்த கொட்டை ஓடு ஒரு சாக்கைக் கொண்டுவந்து கொட்டினார். எங்கள் பக்கத்தில் அடுப்புக்கு அதைப் போடுவோம். எண்ணெய் இருப்பதால் குபீரென்று பிடிக்கும், நல்ல சூடு வரும். ஆனால் அதன் புகை கரேலென்று எழும்பும், நல்ல நெஞ்சுள்ளவனுக்கே தொண்டையை அரிக்கும். வெட்டவெளியில் காற்றடித்தால் போய்விடும். அன்றைக்குக் காற்று இல்லை. பனி மேலே மூடி போட்டதுபோல் இருந்தது.

இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது. எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் மூன்றாவது படி இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு சுவர். கேனை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். வயசு அப்போதே ஐம்பதைத் தாண்டிவிட்டது, ஆனாலும் அன்றைக்கு ஓடிய ஓட்டத்தை அந்த மெட்ராஸ்காரர்கள் பார்த்திருந்தால் என்னையும் எடுத்திருப்பார்கள்.

அவர் குல்லாவை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறது. உள்ளே பேப்பர் சரசரப்பது எனக்கு நின்ற இடத்திலேயே கேட்டது.

"சார், எழுந்து வாங்க சார்."

தலையை ஆட்டினார்.

"சார், வெளையாடற நேரமா இது? வாங்கன்னா."

"இப்ப... எழுந்தா... அவ பாத்துடுவாண்ணே." ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு. "எனக்கு இன்னாவோ ஆயிடுச்சின்னு... ஆட்டத்த வுட்டுட்டு... ஓடியாந்துடுவா. கொஞ்ச நேரந்தான்... நீங்க போங்க."

கையைப் பிடித்து இழுத்தேன். படியைப் பிடித்துக்கொண்டார். நான் கிரேன்காரரிடம் கத்தினேன்.

"யோவ், டின்ன எடுய்யா! அவருக்கு இழுப்புய்யா!"

"தே, டீக்காரரே, சும்மா இருய்யா. பாரு, மூட்டைக்கு வேர்க்குது! எத்தினி வருசத்துல இன்னிக்குத்தான் அந்த மனுசனுக்கு சூடு ஏறியிருக்கு!"

உண்மையிலேயே வேர்த்திருந்தது. மூச்சுக்குப் போராடுகிறவனுக்கு வேர்க்கும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பிரயோசனம்? கிரேன்காரர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. டின் தொட முடியாதபடி பழுத்திருந்தது. தண்ணீர்தான் வழி என்று மூலைக் குழாயடிக்கு ஓடினேன். வாளியை நிரப்பித் திரும்புகிறேன், அந்த மூலையில் என் கண்ணுக்கு நேராகத்தான் அவள் இரண்டாவது கோலை அடித்தாள். அடித்துவிட்டுக் கேலரியைப் பார்த்தாள். புகைக்குள்ளிருந்து காலுறை மாட்டிய ஒரு கை தோள் உயரத்துக்கு எழுந்தது. அவள் சிரித்துக்கொண்டே நடுக்கோட்டுக்கு ஓடினாள்.

வாளித் தண்ணீரைக் கொட்டினேன். புகை இன்னும் அதிகமாகி, அப்புறம் அடங்கியது. ஆட்டம் முடிந்து விசில் ஊதினார்கள். அவர் தானாகவே எழுந்து, தானாகவே படியிறங்கி, சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தார். அங்கே உட்கார்ந்தவர் எழவில்லை. கிரேன்காரர்தான் அவரைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி ஜீப்பில் போட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுததும் அவர்தான். அதற்குப் பிறகு கிரவுண்டில் யாரும் தீ மூட்டியதை நான் பார்க்கவில்லை.

பிழைத்துக்கொண்டார். ரொம்ப வருஷம் இருந்தார். ரிட்டையர் ஆகி, விழுப்புரம் பக்கத்துக்கே போய், சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் தூக்கத்தில் போனார் என்று கேள்விப்பட்டேன். மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். நல்ல இடம், நல்ல மாப்பிள்ளை, ஒரு பையன். குறை ஒன்றும் இல்லை என்று சொல்லலாம். அவர்கள் எடுத்திருந்தும் மெட்ராஸ் விடுதிக்கு அவள் போகவில்லை.

அதைத் தடுத்தது அவள் அம்மா இல்லை. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகு அந்த அம்மா மறுபடி என் கடைக்கு வந்தார். இந்த முறை ஆட்கள் போகட்டும் என்று காத்திருக்கவில்லை.

"அண்ணே, நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. உங்க பேச்ச எல்லாரும் கேப்பாங்க. போவ மாட்டேங்கிறா."

"நீதானேம்மா சத்தியம் பண்ண?"

"அது மெரட்டுனதுண்ணே!" முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "ஒங்க ஒடம்புக்காவ போடுங்கன்னு சொன்னா அவரு ஒரு சுவெட்டர் போட மாட்டாரு. எத்தினியோ வருசம் சொல்லிப் பாத்துட்டேன். பொண்ணு ஆட்டம் நின்னுடும்னு சொன்னேன், ஒம்போது துணி போட்டுக்கினாரு. அதுக்காவ சொன்னதுண்ணே. நெசமா நிறுத்துவனா நானு? நான் பெத்தவதானே?"

வாயால் முன்னுக்கு வந்தவன் என்று முதலிலேயே சொன்னேன். அந்த நம்பிக்கையில்தான் அன்று மத்தியானம் அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். கதவைத் திறந்தது அந்தப் பெண்.

"பாப்பா, அம்மா சும்மா சொன்னதும்மா அது."

"தெரியும் மாமா. ஆஸ்பத்திரிலயே சொல்லிட்டாங்க."

"அப்புறம் இன்னாம்மா? நாள் போவுதே. இன்னும் ரெண்டு நாளுக்குள்ள போயி சேரணுமாமே."

அவள் குரலைத் தாழ்த்தினாள். அழுகை எதுவும் இல்லை. வீட்டு வேலை சொல்வதுபோல் சொன்னாள்.

"நான் எங்க ஆடுனாலும் வருவாரு மாமா. மெட்ராஸ்னா மெட்ராஸ். பஸ் ஏறி வந்து, பனியோ மழையோ, எங்கனா ஒரு படியில ஒக்காந்துகினு இருப்பாரு. வராதீங்கன்னு சொன்னா சரின்னுட்டு, தெரியாம வந்து ஒக்காருவாரு. நான் ஆடலன்னா வூட்டுல இருப்பாரு."

எத்தனையோ பேரின் வாயை அடைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் பதில் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை அகப்படவில்லை. தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே அவள். அவர் வருவார்தான். இன்று வரைக்கும் யோசிக்கிறேன். ஓட்டலில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது, மண்டபத்தில் தாலி கட்டுகிற நேரத்தில், திடீரென்று ஞாபகம் வந்து, இப்படிச் சொல்லியிருக்கலாமோ, அப்படிச் சொல்லியிருக்கலாமோ என்று தேடுகிறேன். இத்தனை வயசாகியும் அகப்படவில்லை.

"காபி போடறேன் மாமா" என்று அவள் சமையலறைக்குள் போனாள். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது.

அவர் உள் அறையில் ஜன்னலோரம் கட்டிலில் சாய்ந்திருந்தார். வெறும் பனியன். முதல் முறையாக அன்றுதான் அவர் கழுத்தைப் பார்த்தேன், குச்சி மாதிரி இருந்தது. மூட்டைக்குள் இவ்வளவுதான் ஆள் இருந்ததா என்று ஆகிவிட்டது எனக்கு. என்னைப் பக்கத்தில் வரச்சொல்லிச் சைகை காட்டினார்.

"அண்ணே, நீங்க அந்தக் குழாயாண்டதான நின்னுகினு இருந்தீங்க?"

"ஆமா சார்."

"ரெண்டாவது கோலு... எப்பிடி அடிச்சா?"

எனக்குப் புரியவில்லை. "நீங்க பாத்தீங்களே சார். கையத் தூக்குனீங்களே."

கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"கண்ணத் தொறக்க முடியலிங்க. சத்தம்தான் கேட்டுது. சத்தத்த வெச்சி கையத் தூக்கிட்டேன். வந்த நாள்லேர்ந்து கேட்டுகினே இருக்கா, பாத்தியாப்பா, அந்தக் கோல பாத்தியான்னு. பாத்தேம்மான்னு சொல்லிட்டேன். நீங்க சொல்லுங்கண்ணே. எப்பிடி அடிச்சா?"

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ பேசியிருக்கிறேன், இதைப்போல ஒன்றை நிதானமாகச் சொன்னதில்லை. வலது பக்கக் கோட்டிலிருந்து நம்ம பக்கத்துப் பெண் ஒருத்தி பந்தைத் தூக்கிப் போட்டதையும், அதை அவள் நெஞ்சில் வாங்கிக் கீழே இறக்கியதையும் சொன்னேன். ஒருத்தி குறுக்கே வந்தாள், இவள் இடது பக்கம் சாய்கிற மாதிரி சாய்ந்து வலது பக்கம் போனாள். கோல்கீப்பர் முன்னால் ஓடி வந்துவிட்டாள். அடிக்கப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தோம். அடிக்கவில்லை, ஒரு மூச்சு நேரம் நின்றாள். கோல்கீப்பர் விழுந்த பிறகு, அவளுக்கு மேலாகப் பந்தை மெதுவாகத் தூக்கிவிட்டாள். அது பனிக்குள் போய் மறைந்து, வலை அசைந்தபோதுதான் கோல் என்று தெரிந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும், "நின்னாளா? அடிக்காம நின்னாளா?" என்றார்.

"நின்னா சார்."

"இன்னொரு தபா சொல்லுங்கண்ணே."

மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அப்போதுதான் கவனித்தேன். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. நான் இரண்டாவது தடவை சொல்லி முடிக்கிறவரை அது மறுபடி கேட்கவே இல்லை.